10 தேனீப் பெட்டி வச்சா வருஷத்துக்கு எவ்வளவு மிஞ்சும்? சம்பளக்காரர்களுக்கான முழுக் கணக்கு



"100 பெட்டி, பெட்டிக்கு 20 கிலோ தேன், கிலோ 600 ரூபாய். வருஷத்துக்கு 12 லட்சம்!" இப்படி ஒரு கணக்கை நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க. மாசச் சம்பளத்துல வாடகை, பைக் இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்புற பணம் எல்லாம் போக கையில 5,000 நிக்கிற ஒருத்தருக்கு, இந்த 12 லட்சம் தூக்கத்தைக் கெடுக்கும். நிலம் வேண்டாம், தினமும் தீவனம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தா போதும்னு வேற சொல்வாங்க.

அதுல பாதி உண்மை. தேனீ வளர்ப்பு சம்பளக்காரர்களுக்கு ஏத்த ஒரு பகுதிநேரத் தொழில்தான். குறைஞ்ச முதலீடு, வாரத்துக்கு ஒரு நாள் வேலை, கெட்டுப்போகாத பொருள். ஆனா அந்தப் பெருக்கல் கணக்குல மூணு விஷயம் விட்டுப்போயிருக்கு. பெட்டியைச் சுத்தி பூ இருக்கா? வச்ச கூட்டங்கள்ல எத்தனை வருஷக் கடைசி வரைக்கும் உயிரோட இருக்கும்? எடுத்த தேனை யாருக்கு, என்ன விலைக்கு விப்பீங்க? லாபம், நஷ்டம் எல்லாத்தையும் இந்த மூணு கேள்விதான் முடிவு பண்ணுது. இன்னிக்கு இதை ஒவ்வொண்ணா பிரிச்சு, கடைசியில ரூபாய் கணக்காப் போட்டுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கலாம். தமிழ்நாட்டுல தேனுக்குப் பேர்போன இடம் மார்த்தாண்டம். 1920கள்ல ஒய்எம்சிஏ நடத்தின கிராமப்புற மேம்பாட்டு மையம் இங்க விவசாயிகளுக்குப் பெட்டியில தேனீ வளர்க்கக் கத்துக்கொடுத்தது. 2023-ல மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

முதல்ல எந்தத் தேனீ?

நம்ம ஊர்ல மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ, இத்தாலியத் தேனீன்னு பல வகை இருக்கு. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில ஒரே அடை கட்டும். பெட்டிக்குள்ள வராது. கொசுத்தேனீ பெட்டிக்கு வரும், ஆனா தேன் ரொம்பக் கொஞ்சம்தான்.

பெட்டியில வளர்த்து தேன் விக்கறதுக்கு ரெண்டு வகைதான் மிச்சம். ஒண்ணு, இந்தியத் தேனீன்னு சொல்ற அடுக்குத்தேனீ. மரப்பொந்து, பாறை இடுக்குன்னு இருட்டான இடத்துல அடுக்கடுக்கா அடை கட்டுற பழக்கம் உள்ளது. நம்ம சூழலுக்குப் பழகினது, ஒரு கிலோமீட்டர் சுத்துக்குள்ள இருக்கிற பூவை வச்சே பிழைச்சுக்கும். சாதாரண இடத்துல ஒரு பெட்டிக்கு வருஷத்துக்கு 5 முதல் 10 கிலோ எதிர்பார்க்கலாம். ரப்பர் தோட்டப் பகுதியில நல்லா பராமரிச்சா அதைவிடக் கூடவும் வரும்.

ரெண்டாவது, இத்தாலியத் தேனீ. தேன் பல மடங்கு அதிகம். ஆனா கூட்டம் பெரிசு, பசியும் பெரிசு. பெரிய அளவுல பூ வேணும். ஒரு பயிர் முடிஞ்சதும் அடுத்த பயிர் இருக்கிற இடத்துக்கு ராத்திரியோட ராத்திரியா லாரியில பெட்டியை ஏத்திக்கிட்டுப் போகணும். மாசத்துக்கு ரெண்டு லீவ் கேட்கவே மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டிய நமக்கு அது சரிப்படாது. அதனால ஆரம்பிக்கிறவங்க இந்தியத் தேனீயில ஆரம்பிக்கிறதுதான் நல்லது. இதுக்குத் தென் தமிழ்நாட்டுல அதிகம் புழங்குறது நியூட்டன் பெட்டி. கீழே புழு அறை, மேலே தேன் அறை, உள்ளே சட்டங்கள். சின்னது, ஒரே ஆள் தூக்கி வைக்கலாம்.

முதல் கேள்வி: பூ எங்கே?

பெட்டி உங்க முதலீடு. ஆனா உங்க கச்சாப்பொருள் பூ. அது உங்க நிலத்துல இருக்கணும்னு அவசியமில்ல, பெட்டியில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்தா போதும்.

குமரி மாவட்டத்துல தேன் எங்கிருந்து வருதுன்னு கேட்டா பலருக்கு ஆச்சரியமா இருக்கும். அங்க எடுக்கிற தேன்ல பெரும்பகுதி பூவில இருந்தே வர்றதில்ல! ரப்பர் மரம் மார்கழி வாக்குல இலையை உதிர்த்துட்டு, தை மாசியில துளிர் விடும். அந்த இளந்தளிரோட காம்பு நுனியில சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கு. அதுல ஊறுற இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்குது. இலை முத்திப்போனா சுரப்பு நின்னுடும். அதாவது வருஷம் முழுக்க நீங்க செய்யற வேலைக்கான சம்பளம் ஜனவரியில இருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் உள்ள சில வாரங்கள்ல வந்துடுது.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது மூணு:

1. அந்த நேரத்துல மழை பெய்ஞ்சு சுரப்பு குறைஞ்சா, அந்த வருஷ வருமானமே அடிபடும். அடுத்த மாசம் ஈடுகட்டிக்கலாம்னு நினைக்க முடியாது.

2. தளிர் விடறதுக்கு முன்னாடியே பெட்டிக்குள்ள கூட்டம் பலமா இருக்கணும். ராணி இடுற முட்டை வேலைக்காரத் தேனீயா வெளிவர சுமார் மூணு வாரம் ஆகும். அது பெட்டிக்குள்ள வேலை பார்த்துட்டு வெளியே பறந்து தீனி தேட இன்னும் ரெண்டு, மூணு வாரம். அப்போ ஜனவரி அறுவடைக்கான ஆட்கள் நவம்பர் கடைசியிலேயே முட்டையா இருக்கணும். டிசம்பர்ல பெட்டி வாங்கி ஜனவரியில தேன் எடுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

3. மார்ச் மாசம் உங்க ஆபீஸ்லயும் சீசன்தான். ஆடிட், டார்கெட், அப்ரைசல் எல்லாம் அப்போதான் வரும். ஆனா தேன் அறையில அடை மூடின பிறகு வாரம், பத்து நாளுக்கு ஒருதரம் எடுத்தே ஆகணும். அந்த ஞாயிறுகளை இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க.

உங்க ஊர்ல ரப்பர் இல்லையா? கவலை வேண்டாம். தென்னை, முருங்கை, புளி, வேம்பு, எள், சூரியகாந்தின்னு தேனீக்குத் தீனி தர்ற மரமும் பயிரும் நிறைய. ஒரு நோட்டு எடுத்து 12 மாசத்தை எழுதுங்க. பெட்டி வைக்கப்போற இடத்தைச் சுத்தி ஒரு கிலோமீட்டர் நடந்து, எந்த மாசம் எது பூக்கும்னு அங்க இருக்கிற விவசாயிங்ககிட்ட கேட்டு நிரப்புங்க. கூடவே எந்தத் தோட்டத்துல எப்போ பூச்சிமருந்து அடிப்பாங்கன்னும் கேளுங்க. காலையில பூ பூத்திருக்கிற நேரத்துல பக்கத்துத் தோட்டத்துல மருந்து அடிச்சா, வெளியே போன தேனீ திரும்பி வராது. தொடர்ந்து மூணு, நாலு மாசம் காலியா இருக்குன்னா அந்த மாசங்களுக்குச் சர்க்கரைப் பாகு செலவை இப்பவே கணக்குல சேருங்க. வருஷத்துல பாதிக்கு மேல காலின்னா அந்த இடத்தை விட்டுடுங்க.

ரெண்டாவது கேள்வி: எத்தனை கூட்டம் தப்பிக்கும்?

தேன் எடுக்கிற வீடியோ எல்லாருக்கும் பிடிக்கும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழைக்காலத்துல பெட்டியைப் பார்க்கிற வீடியோவை யாரும் போடறதில்ல. லாபம் நஷ்டம் தீர்மானமாகிறது அந்த மாசங்கள்லதான்.

இந்தியத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. தீனி குறைஞ்சாலோ, எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி தொல்லை தாங்க முடியலைன்னாலோ, மொத்தக் கூட்டமும் பெட்டியைக் காலி பண்ணிட்டுப் பறந்துடும். நீங்க அடுத்த ஞாயிறு போய்த் திறந்தா வெறும் அடைதான் இருக்கும். பலம் கூடுற காலத்துல இன்னொரு பிரச்சினை. புது ராணி உருவாகி, பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுப் பிரிஞ்சு போயிடும். அதை முன்கூட்டியே கவனிச்சு நீங்களே பிரிச்சு வச்சா, ஒரு பெட்டி ரெண்டாகும். கவனிக்காம விட்டா பாதிக் கூட்டம் பறந்து போயிடும்.

நோயும் உண்டு. 1990களின் தொடக்கத்துல தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவுல பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்கள்ல பெரும்பகுதியை அழிச்சது. புழு பை மாதிரி ஊதி, உள்ளே நீர் கோத்துச் செத்துப்போகும். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பலமான, நோயில்லாத கூட்டத்துல இருந்து பெருக்குறதும், நோய் வந்த அடையை மத்த பெட்டிக்கு மாத்தாம இருக்கிறதும்தான் பாதுகாப்பு.

பராமரிப்பு பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. விடாம செய்யணும், அவ்வளவுதான்:

• பெட்டியை நிழல்ல, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல, தாங்கி மேல வைங்க. தாங்கியோட காலுக்குக் கீழே தண்ணி ஊத்தின கிண்ணம் இருந்தா எறும்பு ஏறாது.

• வாரம் ஒருமுறை திறந்து முட்டை இருக்கா, புழு ஆரோக்கியமா இருக்கா, தீனி இருக்கான்னு பாருங்க. ராணியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. புது முட்டை இருந்தா ராணி இருக்குன்னு அர்த்தம்.

• தீனி இல்லாத மாசங்கள்ல சர்க்கரையும் தண்ணியும் சம அளவு கலந்து, பெட்டிக்கு வாரம் சுமார் 200 கிராம் சர்க்கரை கணக்குல கொடுங்க. தேன் சீசன் நெருங்கினதும் நிறுத்திடணும். சீசன்ல பாகு கொடுத்தா அது தேன் அறைக்குப் போகும். அப்புறம் நீங்க விக்கிறது தேன் இல்ல.

• தேன் அறையில இருந்து மட்டும் எடுங்க. புழு அறையில இருக்கிற தேன் அதுங்களோட அவசரநிதி. நம்மகிட்ட ஆறு மாசச் செலவுக்குப் பணம் தனியா இருக்கணும்னு சொல்றோம்ல, அதே கதைதான்.

சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை, பெட்டி சொந்த ஊர்லன்னா, இந்த இடத்துல நின்னு யோசிங்க. மாசம் ஒருதரம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்ங்கிறது நடக்காது. அப்பாவோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ வாரம் ஒருநாள் திறந்து பார்க்கிற ஆளா இருக்கணும். அவரும் உங்ககூட பயிற்சிக்கு வரணும், லாபத்துல அவருக்கு என்ன பங்குன்னு முதல்லயே பேசிக்கணும். சும்மா உதவிக்குன்னு ஒப்புக்கிட்டவர் மழைக்காலத்துல நிறுத்திடுவார். அவர் மேல தப்பும் சொல்ல முடியாது.

இன்னொரு முக்கியமான விஷயம். சிலருக்குத் தேனீக் கொட்டு கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். முன்னாடி கொட்டினப்போ மூச்சுத்திணறல், உதடு, முகம் வீக்கம், மயக்கம் வந்திருந்தா இந்தத் தொழில் உங்களுக்கு வேண்டாம். மத்தவங்களும் முகவலை, கையுறை, புகைப்பான் இல்லாம பெட்டியைத் திறக்காதீங்க.

மூணாவது கேள்வி: யாருக்கு விப்பீங்க?

ஒரே தேனுக்கு ரெண்டு விலை உண்டு. மொத்தமா வாங்குறவங்க கேன்ல எடுத்துக்கிட்டுப் போற விலை ஒண்ணு. அதே தேனை நீங்க பாட்டில்ல ஊத்தித் தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கிற விலை இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு, மூணு மடங்கு வித்தியாசம் வரும்.

இங்கதான் சம்பளக்காரர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு, அப்பார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப் இருக்கு, காலேஜ் நண்பர்கள் இருக்காங்க. 100 கிலோ தேன்னா அரைக்கிலோ பாட்டில் 200. வருஷத்துக்கு ரெண்டு பாட்டில் வாங்குற 100 குடும்பம் வேணும். பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி உங்க போன்ல இருக்கிற பேர்கள்ல அப்படி எத்தனை பேர் தேறுவாங்கன்னு எழுதிப் பாருங்க. 30 பேர்தான்னா உங்க சந்தை 30 கிலோ. மிச்சத்துக்கு மொத்த விலையைத்தான் போடணும்.

நேரடியா விக்கும்போது ரெண்டு புகார் கண்டிப்பா வரும். முதல் புகார்: "தேன் உறைஞ்சு போச்சு, சர்க்கரை கலந்திருக்கீங்க." ரப்பர் பகுதித் தேன் சீக்கிரம் குருணை கட்டும். அது தேனோட இயல்பு, கலப்படத்துக்கு அடையாளம் இல்ல. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வச்சா இளகிடும். இதை லேபிள்லயே அச்சடிச்சுடுங்க. அதேமாதிரி தண்ணியில விட்டுப் பார்க்கிறது, தீக்குச்சியில தொட்டுக் கொளுத்துறது எல்லாம் சுத்தத்தை நிரூபிக்காது. ஆய்வகத்துலதான் சொல்ல முடியும்.

ரெண்டாவது புகார்: "புளிச்ச வாசனை, நுரை வருது." இது நிஜமாவே உங்க பக்கத்துத் தப்பா இருக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி தேன்ல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. அடையைத் தேனீ மெழுகால மூடறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு எடுத்தா ஈரம் அதிகமா இருக்கும், பாட்டிலுக்குள்ள புளிச்சுப்போகும். சட்டத்துல முக்கால்வாசி அறைகள் மூடின பிறகு எடுங்க.

பாட்டில்ல விக்கிறதுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். சின்ன அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும், ஆன்லைன்லயே பண்ணலாம். ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாதுன்னும் லேபிள்ல போடுங்க. இது மருத்துவர்கள் சொல்ற எச்சரிக்கை.

இப்போ கணக்கு

10 பெட்டிக்குப் போடலாம். கீழே இருக்கிற விலைகள் கணக்குப் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க ஊர் விலையைக் கேட்டு மாத்திப் போட்டுக்கோங்க.

முதலீடு:
• பெட்டி 10 × 1,500 = 15,000
• தேனீக் கூட்டம் 10 × 1,500 = 15,000
• தாங்கி 10 × 300 = 3,000
• தேன் எடுக்கும் கருவி 5,000. புகைப்பான், முகவலை, கையுறை, கத்தி 2,500
• மொத்தம்: 40,500 ரூபாய்

வருஷச் செலவு:
• சர்க்கரை: வாரம் 200 கிராம் × 16 வாரம் × 10 பெட்டி = 32 கிலோ. கிலோ 45 ரூபாய்னா 1,440
• மெழுகுத்தாள், பழுது: 1,560
• பெட்ரோல்: 40 தடவை × 100 = 4,000
• மொத்தம்: 7,000

இதோட தேய்மானம் சேரும். பெட்டி, தாங்கி, கருவி எல்லாம் சேர்ந்து 25,500 ரூபாய். 5 வருஷம் உழைக்கும்னா வருஷத்துக்கு 5,100. நேரடி விற்பனைன்னா பாட்டில், லேபிளுக்குக் கிலோவுக்கு 50. செத்த கூட்டத்துக்குப் பதிலா புதுசு வாங்க, கூட்டத்துக்கு 1,500. விலை: நேரடியா கிலோ 500, மொத்தமா 180.

நல்ல வருஷம் (10 கூட்டமும் தப்பிச்சது, பெட்டிக்கு 10 கிலோ, மொத்தம் 100 கிலோ):
• நேரடி விற்பனை: 50,000 வரவு, 32,900 லாபம்
• மொத்த விற்பனை: 18,000 வரவு, 5,900 லாபம்

நடுத்தர வருஷம் (8 கூட்டம், பெட்டிக்கு 6 கிலோ, மொத்தம் 48 கிலோ):
• நேரடி விற்பனை: 24,000 வரவு, 6,500 லாபம்
• மொத்த விற்பனை: 8,640 வரவு, 6,460 நஷ்டம்

மோசமான வருஷம் (5 கூட்டம், பெட்டிக்கு 3 கிலோ, மொத்தம் 15 கிலோ):
• நேரடி விற்பனை: 7,500 வரவு, 12,850 நஷ்டம்
• மொத்த விற்பனை: 2,700 வரவு, 16,900 நஷ்டம்

ஒரே 10 பெட்டி. ஒரு பக்கம் 32,900 லாபம், இன்னொரு பக்கம் 16,900 நஷ்டம். பெட்டி எண்ணிக்கை எங்கேயும் மாறலை. பூவும், தப்பிச்ச கூட்டமும், விற்ற விலையும்தான் மாறுச்சு.

உங்க நேரத்துக்கும் ஒரு விலை போடுங்க. 40 தடவை, தடவைக்கு 3 மணி நேரம், அதோட தேன் எடுக்க, பாட்டில் போட, விக்க 40 மணி நேரம். மொத்தம் 160 மணி நேரம். நல்ல வருஷத்துல மணிக்குச் சுமார் 205 ரூபாய். நடுத்தர வருஷத்துல சுமார் 40 ரூபாய்.

கடன் வாங்கி 50 பெட்டி வச்சா?

அடுத்து எல்லாருக்கும் தோணுறது இதுதான். "பெட்டியைக் கூட்டினா லாபமும் கூடும்ல?"

50 பெட்டிக்குச் சுமார் 2 லட்சம். இதை 14 சதவீத வட்டியில 3 வருஷ பெர்சனல் லோனா எடுத்தா மாச இஎம்ஐ சுமார் 6,835, வருஷத்துக்கு 82,000. நடுத்தர வருஷத்துல 50 பெட்டியில நேரடி விற்பனை லாபம் 32,500. தேய்மானத்தைக் கழிக்காம கையில வர்ற பணமாப் பார்த்தாலும் 58,000. மிச்சம் 24,000 உங்க சம்பளத்துல இருந்து போகும். அதுவும் 240 கிலோவையும் நீங்களே சில்லறையா வித்திருந்தா மட்டும். இதுல இன்னொரு சிக்கல்: தேன் பணம் வருஷத்துல மூணு மாசம்தான் வரும், இஎம்ஐ பன்னிரண்டு மாசமும் போகும்.

கடன் இல்லாம பெட்டியைக் கூட்ட ஒரு வழி இருக்கு. தேனீயே பெருகும். பலமான கூட்டத்தைச் சீசனுக்கு முன்னாடி பிரிச்சா ஒண்ணு ரெண்டாகும். உங்களுக்குக் காலிப் பெட்டி செலவு மட்டும்தான். கை தேறின பிறகு பிரிச்ச கூட்டத்தையே விக்கலாம். வளர்க்கத் தெரிஞ்சவருக்குத் தேனைத் தவிர இது ரெண்டாவது வருமானம்.

எப்படி ஆரம்பிக்கலாம்?

முதல் வருஷம்: 3 பெட்டி. பெட்டி, கூட்டம், தாங்கி 9,900, பாதுகாப்புச் சாமான் 2,500, ஆக 12,400 ரூபாய். தேன் எடுக்கும் கருவியைப் பக்கத்துல வளர்க்கிறவங்ககிட்ட இரவல் வாங்கிக்கலாம். மூணும் போனாலும் 12,400 தான். ஒரு கோர்ஸ் ஃபீஸ் மாதிரி வச்சுக்கோங்க. வாங்குறதுக்கு முன்னாடி பயிற்சி எடுங்க. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பயிற்சி தர்றாங்க. உங்க மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துலயும் விசாரிங்க. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017-ல தொடங்கின தேன் இயக்கத்துல பெட்டியும் பயிற்சியும் தர்றாங்க. மானியம் வாங்கித்தர்றேன்னு கமிஷன் கேட்கிற ஆள் நடுவுல வேண்டாம், நேரா ஆபீஸுக்கே போங்க.

கூட்டம் வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. முட்டையும் புழுவும் நிறைஞ்ச சட்டம் நாலாவது இருக்கணும். உங்க பகுதியில வளர்ந்த கூட்டமா வாங்குங்க.

ரெண்டாவது வருஷம்: தப்பிச்சதைப் பிரிச்சு 5, 6 பெட்டியாக்குங்க. எடுத்த தேன் அத்தனையையும் நேரடியா விக்கப் பழகுங்க. வாங்கினவங்க திரும்பவும் கேட்டாங்களான்னு எழுதி வைங்க.

மூணாவது வருஷம்: போன வருஷத் தேன் சீக்கிரமே தீர்ந்து, ஆட்கள் கேட்டுக்கிட்டே இருந்தா 10 முதல் 15 பெட்டி. தேன் மிஞ்சிக் கிடந்தா பெட்டியைக் கூட்டாதீங்க, வாடிக்கையாளரைக் கூட்டுங்க.

வேலையை விடறதைப் பத்தி இந்த மூணு வருஷத்துல பேச்சே வேண்டாம். ஒரு மோசமான வருஷத்தையும் பார்த்து, அதுக்கப்புறமும் கணக்கு உங்க பக்கம் நின்னா அப்போ யோசிக்கலாம்.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி

"நாங்களே பெட்டி தர்றோம், தேனையும் நாங்களே நல்ல விலைக்கு எடுத்துக்கறோம், லட்ச ரூபாய் கட்டுங்க"ன்னு யாராவது வந்தா, 2012-ல கொங்கு மண்டலத்துல ஈமு கோழிக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகப்படுத்திக்கோங்க. அங்கயும் திருப்பி வாங்கிக்கறோம்ங்கிற வாக்குறுதியை நம்பித்தான் ஜனங்க பணத்தைப் போட்டாங்க. தேனுக்கு வெளிச்சந்தையில நிஜமான தேவை இருக்கு. அப்படிப்பட்ட பொருளுக்குச் சந்தையைவிட ரொம்ப அதிக விலை தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, அவர் லாபம் பெட்டி விக்கிறதுல இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது வரி. தேனீ வளர்ப்பு வருமானத்தைப் பொதுவா விவசாய வருமானமா எடுத்துக்கறதில்ல, அது தொழில் வருமானம். தொழில் வருமானம் இருந்தா நீங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 செல்லாது. பில்லை எல்லாம் எடுத்து வச்சு, எந்தப் படிவம்னு ஆடிட்டர்கிட்ட ஒருதரம் கேட்டுக்கோங்க. ஆபீஸ்ல சேரும்போது போட்ட ஒப்பந்தத்துல வேற தொழில் செய்யலாமான்னும் பாருங்க. அரசு ஊழியர்னா நடத்தை விதிகளைப் பார்த்து, முன்அனுமதி வாங்கிட்டு இறங்குங்க.

சுருக்கமா ஒரு சோதனை. இந்த அஞ்சு கேள்விக்கும் "ஆமா"ன்னு சொன்னா 3 பெட்டி வாங்குங்க:

1. ஆறு மாசச் செலவுக்கான அவசரநிதி தனியா இருக்கா?
2. ஒரு கிலோமீட்டர் சுத்துக்குள்ள பூ காலண்டர் போட்டுப் பார்த்தாச்சா?
3. 52 வாரமும் பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு ஆள் இருக்காரா?
4. குறைஞ்சது 20 பேர் தேன் வாங்கறேன்னு சொல்லியிருக்காங்களா?
5. 12,400 ரூபாய் போனாலும் இந்த மாச இஎம்ஐ பாதிக்காதா?

ஒண்ணுக்காவது "இல்ல"ன்னா இந்த வருஷம் பயிற்சிக்கு மட்டும் போயிட்டு வாங்க. தை மாசம் யாராவது வளர்க்கிறவர்கூட நாலு ஞாயிறு நின்னு தேன் எடுத்துப் பாருங்க. பெட்டி அடுத்த வருஷமும் இதே கடையில கிடைக்கும்.

உங்க ஊர்ல எந்த மாசம் எது பூக்கும்னு கமெண்ட்ல எழுதுங்க. அதே ஊர்ல ஆரம்பிக்க நினைக்கிற இன்னொருத்தருக்கு அது உதவும்.